அக்கா பார்த்த ஜப்பானியப் படம்

அந்தப் படத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால், அதை உயிராக நினைக்கும் நாலு பேர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். அவர்கள் கோபம் நியாயமானதுதான். நானும் ஒரு காலத்தில் அந்த நாலு பேரில் ஒருவன். என்ன, நான் படத்தைப் பார்க்காமலே நேசித்தேன்.

கல்லூரி இரண்டாம் வருடத்தில், நூலகத்தில் ஒரு சிறுபத்திரிகை கையில் கிடைத்தது. அதில் பழைய ஜப்பானியப் படம் ஒன்றைப் பற்றிப் பதினோரு பக்கத்துக்கு ஒரு கட்டுரை. கறுப்பு வெள்ளைப் படம். ஓர் ஆறு, ஒரு படகுத்துறை. படகோட்டியும் அவன் மனைவியும் துறையை ஒட்டிய மர வீட்டில் இருக்கிறார்கள். ஆற்றின் குறுக்கே பாலம் கட்ட வரும் இன்ஜினியர் ஒருவன் அவர்கள் வீட்டில் வந்து தங்குகிறான். பாலம் எழும்பிவிட்டால் படகுக்கு வேலை இல்லை. கதை இவ்வளவுதான், ஆனால் பார்த்து முடித்தவன் உட்கார்ந்தபோது இருந்த ஆளாக எழுந்திருக்க மாட்டான் என்று எழுதியிருந்தது. அந்தப் பதினோரு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன். சிறுசேரியில் வேலை கிடைத்து, கல்யாணமாகி, வாடகை வீடுகள் மாறி, கடைசியில் சேலையூரில் சொந்த வீடு வாங்கியபோதும் அந்த ஜெராக்ஸ் என்னோடு வந்துகொண்டே இருந்தது.

பிறகு எந்தப் படத்தையும் போனிலேயே பார்க்கலாம் என்ற காலம் வந்தது. அப்போதும் நான் பார்க்கவில்லை. பார்த்தால் பெரிய திரையில்தான் என்று ஒரு வைராக்கியம். "என் வீட்டுக்காரர் ஒரு படத்துக்காக விரதம் இருக்கார்" என்று என் மனைவி சொந்தக்காரர்களிடம் சொல்வாள்.

எங்கள் பகுதியில் சின்னதாக ஒரு திரைப்படக் கழகம் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிறு, காலை பத்து மணிக்கு, ஒரு பள்ளிக்கூடத்தின் மாடி ஹாலில் ஏதாவது ஓர் உலகப் படம் போடுவார்கள். நடத்தும் செயலாளர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். சொந்தச் செலவில் ப்ரொஜெக்டர் வாங்கி, தானே சுமந்து வந்து மாட்டுபவர். போன வருடம் அவரிடமிருந்து வந்த வாட்ஸப் செய்தியில் அந்தப் படத்தின் பெயர் இருந்தது. இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் நம்பினேன்.

அதே ஞாயிறு மதியம் மாடம்பாக்கத்தில் சித்தப்பா பேத்திக்கு வளைகாப்பு. மனைவி காலையிலேயே போய்விட்டாள். அக்காவை அழைத்து வரும் பொறுப்பு என்னுடையது. பொழிச்சலூரிலிருந்து அவள் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள், அங்கிருந்து சேர்ந்து போவது என்று ஏற்பாடு. அவள் வந்தபோது மணி ஒன்பதரை. படத்தை விடவும் மனமில்லை, அவளைத் தனியாக உட்கார வைக்கவும் மனமில்லை. அவளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். இரண்டு வயதில் வந்த ஒரு ஜுரத்தில் அவளுக்கு இரண்டு காதும் போய்விட்டது. ஏழு வயதில் நகரத்தில் இருந்த காது கேளாதோர் பள்ளியின் விடுதியில் சேர்த்தார்கள். அங்கே முறையான சைகை மொழி கற்றுக்கொண்டாள். நான் அதைக் கற்கவே இல்லை. சிறு வயதில் எங்கள் வீட்டில் நாங்களாக உண்டாக்கிக்கொண்ட சைகைகள்தான் எனக்குத் தெரியும். என்னோடு பேசும்போது அக்கா இன்றைக்கும் அந்தக் குழந்தைப் பேச்சுக்கு இறங்கி வருகிறாள். அவள் கையால் சொன்னதை வாயால் சொன்னதுபோலத்தான் இங்கே எழுத முடிகிறது. தாம்பரம் சானடோரியம் பக்கம் ஏற்றுமதித் துணி தைக்கும் ஒரு கம்பெனியில் அவள் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். தைத்து வரும் சட்டைகளில் பிசகு தேடும் வேலை.

எங்கள் சின்ன வயதில் மேற்குத் தாம்பரத்தில் இருந்த ஒரு தியேட்டருக்கு அம்மா எங்கள் இருவரையும் அனுப்பி வைப்பாள். அக்காவுக்குக் கதை சொல்ல வேண்டியது நான். முதல் பத்து நிமிடம் ஒழுங்காகச் சொல்வேன். அப்புறம் படம் என்னை இழுத்துக்கொள்ளும். அக்கா முழங்கையால் இடிப்பாள். அப்புறம் சொல்றேன் என்று விரலைச் சுழற்றுவேன். இடைவேளையில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருப்பாள், நான் அத்தனை நேரக் கதையை நாலே சைகையில் முடிப்பேன். இவன் நல்லவன். அவன் கெட்டவன். அவள் அழுகிறாள். கல்யாணம். கொஞ்சம் வளர்ந்ததும் அவள் இடிப்பதை நிறுத்திவிட்டாள்.

ஹாலில் முப்பது பேர் போல இருந்தோம். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். "கொஞ்ச நேரம் பார். அலுத்துப் போனால் சொல்லு, கீழே மரத்தடியில் பெஞ்ச் இருக்கு" என்றேன் அக்காவிடம். தலையாட்டினாள்.

படம் தொடங்கியது. ஆறு தெரிந்தது, பனி தெரிந்தது, படகு வந்தது. படகோட்டி வாயைத் திறந்து முதல் வசனம் பேசினான். கீழே எழுத்து வர வேண்டிய இடத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் வந்தன. அடுத்த வசனத்துக்கும் கட்டங்கள்தான்.

செயலாளர் படத்தை நிறுத்தினார். லேப்டாப்பில் எதையெதையோ தட்டினார். "வேற பிளேயர்ல போட்டுப் பாருங்க சார்" என்றார் ஒருவர். போட்டுப் பார்த்தார். கட்டங்கள் பெரிதாயின. அரை மணி நேரப் போராட்டத்துக்குப் பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

"மன்னிக்கணும். சப்டைட்டில் வேலை செய்யல. கலைஞ்சு போறதா இருந்தா போகலாம். ஆனா சினிமாங்கிறது கண்ணால பாக்கிறதுதானே. அப்படியே பாப்போமே."

மரியாதைக்காக எல்லோரும் சரி என்றார்கள். இருபது நிமிடம் கழித்து முதல் நாற்காலி நகர்ந்தது. ஒருவருக்குப் பின் ஒருவராக, போன் வந்தது போலக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார்கள். இடைவேளையில் எண்ணிப் பார்த்தேன், மிஞ்சியிருந்தது பதினோரு பேர்.

நான் அசையவில்லை. ஆனால் எனக்குள் ஒன்றுமே நடக்கவில்லை. திரையில் மனைவி ஆற்றைப் பார்க்கிறாள். படகோட்டி கயிறு கட்டுகிறான். இன்ஜினியர் ஏதோ அளக்கிறான். மூவரும் சாப்பிடுகிறார்கள். மறுபடி மனைவி ஆற்றைப் பார்க்கிறாள். கட்டுரையில் மூன்று பக்கத்துக்குப் புகழ்ந்திருந்த நிலாக் காட்சி வந்தது, போனது. நிலா இருந்தது, அவ்வளவுதான். எழுத்து இல்லாததுதான் காரணம் என்று ஒரு மனம் சொன்னது. முகத்திலும் வெளிச்சத்திலும் எல்லாம் இருக்கிறது என்றுதானே கட்டுரை சொன்னது, உனக்கு ஏன் தெரியவில்லை என்று இன்னொரு மனம் கேட்டது. கடைசி அரை மணி நேரம் சுவரில் இருந்த சுவிட்சுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்தைந்து வருடம் காத்திருந்து இதற்கா என்று நெஞ்சு கசந்தது.

அக்கா முதுகை நாற்காலியில் சாய்க்கவே இல்லை.

வெளியே வந்து கேம்ப் ரோடு முனையில் டீக்கடையில் நின்றோம். டீ மாஸ்டருக்குக் கழகத்து ஆட்கள் பழக்கம்.

"இன்னா சார், படம் முடிஞ்ச்சா? எப்டி கீது?"

"சுமார்தாண்ணா" என்றேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். "உனக்குப் பிடிக்கலையா?"

"ஒண்ணும் புரியல. எழுத்து வரலையே. உனக்கும் போர் அடிச்சிருக்கும், சாரி."

அவள் கிளாசைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு இரண்டு கையையும் விடுவித்துக்கொண்டாள்.

"அந்தப் பொம்பளைக்குக் காது கேக்காது" என்றாள்.

"எந்தப் பொம்பளைக்கு?"

"படகுக்காரன் பொண்டாட்டிக்கு. ஆனா வீட்டுல யாருக்கும் அது தெரியாது. மறைச்சு வெச்சிருக்கா."

அவளுக்குப் படம் புரியவில்லை, தன் கதையை அதில் போட்டுப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். அதைச் சொல்லாமல், "எப்படிச் சொல்றே?" என்று மட்டும் கேட்டேன்.

"அவ எப்பப் பாத்தாலும் ஆத்தையே பாக்கிறாளே, ஏன்?"

"சோகம்."

அக்கா சிரித்தாள். "சோகம் இல்ல, காவல். அக்கரையில ஒரு மணி இருக்கு பாத்தியா? படகு வேணும்னா கயித்தை இழுத்து அடிப்பாங்க. அடிச்சா அவளுக்குத் தெரியாது. கயிறு ஆடுதான்னு கண்ணாலதான் பாக்கணும். அதனாலதான் சமைக்கும்போதுகூட வாசப் பக்கம் திரும்பியே உக்காந்திருக்கா."

நான் டீயைக் குடிக்காமல் நின்றேன்.

"அந்த இன்ஜினியர் ஆளு கண்டுபிடிச்சிட்டான். வந்த ரெண்டாவது நாளே. அதுக்கப்புறம் அவகிட்ட பேசணும்னா சுத்திக்கிட்டு முன்னாடி வந்து நின்னுதான் பேசறான். ஒரு தடவைகூடப் பின்னாடியிருந்து பேசல. நீ அவனுக்கும் அவளுக்கும் ஏதோன்னு நெனச்சிருப்பே. அது இல்ல. புருஷன்தான் முதுகைக் காட்டிக்கிட்டுப் பேசறான். கயிறு கட்டிக்கிட்டே பேசறான். அத்தனை வருஷமா கூட இருந்தும் அவனுக்குத் தெரியல."

அவள் பெஞ்சிலிருந்து சற்றுத் தள்ளி வந்தாள். பேருந்துகள் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பும் அந்த முனையில் நின்று, படகோட்டி கயிறு கட்டுவதையும், இன்ஜினியர் பலகைமேல் சுற்றி வருவதையும், அந்தப் பெண் தலையை லேசாகச் சாய்த்து உதடுகளைப் படிப்பதையும் ஒவ்வொன்றாகச் செய்து காட்டினாள். நான் கண்முன்னே பார்த்துவிட்டு வந்த காட்சிகள். ஒன்றைக்கூட நான் பார்த்திருக்கவில்லை. டீ மாஸ்டர் கையில் டீ வடிகட்டியோடு அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பாட்டு சீன் ஞாபகம் இருக்கா?" என்றாள். "மூணு பேரும் சிரிக்கிறாங்க. ஆம்பளைங்க ரெண்டு பேரும் முதல்ல. அவ ஓர் இமை நேரம் கழிச்சு. எப்பச் சிரிச்சாலும் அப்படித்தான். கடைசியில பாலத்துமேல நடுவுல வந்து கம்பியைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறா. வண்டி போகுது. கம்பி அதிருது, அவ கைக்குத் தெரியுது. சிரிக்கிறா. அந்த ஒரு சிரிப்பு மட்டும்தான் லேட் இல்ல."

கட்டுரை சொன்ன அந்தப் படம் அப்போதுதான், டீக்கடை வாசலில், எனக்குக் காட்டப்பட்டது.

"இதையெல்லாம் எப்படிக் கவனிச்சே?" என்று கேட்டேன்.

அவள், டீ ஆறுது என்று என் கிளாசைக் காட்டினாள்.

மாடம்பாக்கத்தில் சாப்பாட்டுப் பந்தியில் அக்காவுக்கு எதிர் வரிசையில் எனக்கு இலை போட்டார்கள். சித்தப்பா மகன் தன் மாமியாரைப் பற்றி ஏதோ சொன்னான். பந்தி முழுக்கச் சிரித்தது. அக்காவும் சிரித்தாள், ஓர் இமை நேரம் கழித்து. மறுபடி யாரோ ஏதோ சொன்னார்கள். மறுபடி எல்லோரும் சிரித்தார்கள், அதற்கப்புறம் அக்கா. அவள் கண் இலையில் இல்லை. பேசுகிறவர் யார், அடுத்து யார் வாயைத் திறக்கப்போகிறார் என்று பந்தியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடிக்கொண்டே இருந்தது. பிறந்ததிலிருந்து எனக்கு அக்காவைத் தெரியும். எத்தனை தீபாவளி, எத்தனை கல்யாணம். எங்கள் வீட்டுச் சிரிப்பெல்லாம் அவளுக்கு ஒரு வேலையாக இருந்திருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து செயலாளர் கூப்பிட்டார். சப்டைட்டில் சரி செய்துவிட்டதாகவும், பென்டிரைவில் தருவதாகவும் சொன்னார். ஒரு சனிக்கிழமை மதியம் வீட்டில் தனியாக உட்கார்ந்து முழுப் படத்தையும் எழுத்தோடு பார்த்தேன்.

இரண்டாம் தடவையும் ஏமாற்றம்தான். இந்த முறை புரிந்ததால் வந்த ஏமாற்றம். படகோட்டி மனைவியின் குழந்தை பல வருடங்களுக்கு முன் ஆற்றில் போய்விட்டதாம். அதனால்தான் ஆற்றையே பார்க்கிறாளாம். அதை அவளே இன்ஜினியரிடம் எட்டு நிமிடத்துக்கு உட்கார்ந்து விளக்குகிறாள். இன்ஜினியர் பதிலுக்கு முன்னேற்றம் பற்றியும் காலம் பற்றியும் ஒரு பிரசங்கம் செய்கிறான். எல்லாமே சொல்லப்பட்டுவிட்டது. காது கேளாமை பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

ஆக, அக்கா சொன்னது தவறு. நான் அதோடு விட்டிருக்கலாம். விட முடியவில்லை. அவள் கதையை வைத்துக்கொண்டு, ஒலியை அணைத்துவிட்டு, காட்சி காட்சியாகத் திரும்பப் பார்த்தேன். இன்ஜினியர் ஒவ்வொரு முறையும் சுற்றி முன்னால்தான் வருகிறான். புருஷன் முதுகைக் காட்டித்தான் பேசுகிறான். கடைசிச் சிரிப்பைத் தவிர அவள் ஒவ்வொரு சிரிப்பும் தாமதம்தான். அக்கா தன் கதையை அதில் போட்டுப் பார்க்கவில்லை. திரையில் இருந்ததைத்தான் சொல்லியிருக்கிறாள். படம் எடுத்தவர் நினைத்தே செய்தாரோ, அந்த நடிகையிடம் இயல்பாக அமைந்துவிட்டதோ, எனக்குத் தெரியாது. வசனத்தை எடுத்துவிட்டால் அக்கா சொன்ன படம்தான் நிற்கிறது.

ஒரே ஓர் இடம் இடித்தது. ஒரு மாலையில் மனைவி வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளேயிருந்து புருஷன் வந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். அவள் திரும்புகிறாள். காது கேட்காதவள் எப்படித் திரும்புவாள்?

அடுத்த நாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பொழிச்சலூர் போனேன். அக்கா வீடு விமானம் இறங்கும் பாதைக்கு நேர் கீழே இருக்கிறது. விமானம் தாழப் பறக்கும்போது அந்தத் தெருவில் எல்லோரும் பேச்சைப் பாதியில் நிறுத்துவார்கள். அக்காவும் மாமாவும் மட்டும் நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருப்பார்கள். மாமாவுக்கும் காது கேட்காது.

அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினேன். "இங்க பாரு. கூப்பிடறான், திரும்பறா. அப்போ காது கேக்குதே?"

அக்கா ஒரு முறை பார்த்தாள். பின்னால் போகச் சொன்னாள். இன்னொரு முறை பார்த்தாள். பிறகு திரையில் புருஷனின் காலைத் தொட்டுக் காட்டினாள்.

"மர வீடு" என்றாள். "பலகைமேல கால் வெச்சா அவ உக்காந்திருக்கிற படி வரைக்கும் அதிரும். மெதுவா ஓட்டு."

மெதுவாக ஓட்டினேன். புருஷனின் கால் பலகையில் பதிகிறது. அவள் தோள் அசைகிறது. முகம் திரும்பத் தொடங்குகிறது. அதற்கப்புறம்தான் அவன் வாய் திறக்கிறது.

நான் நிறுத்தி, மறுபடி ஓட்டினேன். கால். தோள். அதன்பின் வாய். ஐந்தாறு முறை ஓட்டியிருப்பேன். முதல் நாளும் நான் இதைத்தான் பார்த்தேன். ஆனால் குரல் காதில் விழுந்ததும், குரலுக்குத்தான் அவள் திரும்பினாள் என்று என் மூளை தானாக வரிசையை மாற்றி வைத்துக்கொண்டது. கோயில் கருவறையில் சில நேரம் வரும் அந்தப் பேச்சற்ற நிலை, அக்கா வீட்டு ஹாலில், பிளாஸ்டிக் நாற்காலியில் வந்தது.

"அக்கா, படத்துல அப்படிக் கதை இல்ல" என்று மெல்லச் சொன்னேன். குழந்தை, ஆறு, எட்டு நிமிடப் பேச்சு, எல்லாவற்றையும் என் குழந்தைச் சைகையில் சொன்னேன். முதல் தடவையாக எதையும் விடாமல் ஒரு கதையை அவளுக்கு முழுதாகச் சொல்லி முடித்தேன்.

பொறுமையாகப் பார்த்திருந்துவிட்டு, "அதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றாள், சமாதானப்படுத்துவதுபோல. மாமா சிரித்துவிட்டார்.

படத்தைத் தன் போனில் ஏற்றித் தரச் சொன்னாள். அவர்களுடைய காது கேளாத நண்பர்கள் சிலர் மாதம் ஒரு முறை பம்மலில் ஒருவர் வீட்டு மாடியில் கூடுவார்களாம். எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்றாள். நானும் வரலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, வா என்றாள்.

பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். பெரிய டீவியில், ஒலியும் எழுத்தும் இல்லாமல் படம் ஓடியது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பன்னிரண்டு ஜோடிக் கைகள் ஒரே நேரத்தில் எழுந்தன. நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். அந்த வேகத்தில் என்னால் ஒரு சொல்லைக்கூடப் பிடிக்க முடியவில்லை. மாமா அவ்வப்போது எனக்காக வீட்டுச் சைகையில் இரண்டு வார்த்தை சொன்னார்.

மனைவிக்குக் காது கேட்காது என்பதை யாரும் விவாதிக்கவே இல்லை. அது எல்லோருக்கும் முதல் பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. விவாதமெல்லாம் புருஷனைப் பற்றி. அவனுக்குத் தெரியாது என்று அக்கா அடித்துச் சொன்னாள். லேத் பட்டறையில் வேலை செய்யும் ஒருவர் எழுந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும், கனத்த கைகள். படகோட்டி போலவே குனிந்து, முதுகைக் காட்டி, இல்லாத கயிற்றைக் கட்டினார். கட்டி முடித்துத் திரும்பிக் கைகளை அசைத்தார். அறையில் எல்லாக் கைகளும் இறங்கின.

என்ன சொன்னார் என்று மாமாவிடம் கேட்டேன். மாமா தேடித் தேடிச் சைகை செய்தார். "புருஷனுக்கு முதல்லேயிருந்தே தெரியும்னு சொல்றார். முகத்தைப் பாத்துப் பேசினா அவ பதில் சொல்லணும், கேட்ட மாதிரி நடிக்கணும். நாள் பூரா நடிச்சா களைச்சிடுவா. அதான் திரும்பிக்கிறான். அவ கொஞ்ச நேரம் சும்மா இருக்கட்டும்னு."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் இவ்வளவு கூர்ந்து பார்த்த படத்தில் தனக்கும் தெரியாமல் ஒன்று இருந்திருக்கிறது என்பது அவள் முகத்தில் மெல்லப் பரவியதை நான் பார்த்தேன். அப்படி ஒரு வியப்பை அதுவரை அந்த முகத்தில் கண்டதில்லை.

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். ரிமோட் என் அருகில் கிடந்தது.

"முதல்லேயிருந்து போடு" என்றாள்.